சகாதேவன் சாரின் சனிக்கிழமைப் பயிற்சி

சகாதேவன் சாரை நினைத்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வரும். செங்கம் ரோட்டில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நான் சாப்பிடும் சோறு அவர் கற்றுக்கொடுத்த ஆங்கிலத்தில் வந்தது என்பது வேறு விஷயம். ஆட்டோ ஏன் வரவில்லை என்று வெள்ளைக்காரர் கேட்டால், "டிரைவர் மஸ்ட் ஹேவ் ஃபர்காட்டன்" என்று கூசாமல் சொல்வேன். டிரைவரிடம் சொல்லவே மறந்தது நான். அந்த வித்தைக்கு வாத்தியார் அவர்தான்.

அவருக்குச் சொந்த ஊர் அடி அண்ணாமலை. பி.ஏ. ஆங்கிலம் படித்தார், படித்தார் என்றால் கல்லூரிக்குப் போய்வந்தார். மூன்று பேப்பர் கடைசிவரை தேறவில்லை. ரமணாசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகை அறை பிடித்துக்கொடுத்து, அவர்களோடு பேசிப் பேசியே ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டவர். எண்பத்தொன்பதில் திருவண்ணாமலை தனி மாவட்டமானதும் ஊரில் ஆபீஸ்கள் பெருகின. நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிந்தால் நாற்காலி நிச்சயம் என்று எல்லோரும் நம்பினோம். நசீர் அகமது பாயின் வாடகை சைக்கிள் கடைக்கு மேலிருந்த மாடியை எடுத்து, சார் ஒரு போர்டு மாட்டினார். நான் தொண்ணூற்றேழில் சேர்ந்தேன். பாயின் மகள் மெஹ்ஜபீனும் நானும் ஒரே பெஞ்ச், ஒரே டிபன் டப்பா.

ஆங்கிலத்தில் சாருக்கு உயிரான இடம் ஒன்றே ஒன்று: நேற்று நடந்ததை இன்று ஊகிக்கிற இடம். கரும்பலகையில் மூன்று படி வரைவார்.

"கண்ணால பாக்கல, ஆனா அடையாளம் பலமா இருக்கு. அப்ப மஸ்ட் ஹேவ். அடையாளம் கம்மி, ஆனா வாய் சும்மா இருக்காது. அப்ப மைட் ஹேவ். நடந்திருக்கவே முடியாதுன்னா கான்ட் ஹேவ். வெள்ளைக்காரன் கில்லாடிங்க. மாட்டிக்காம பேசறதுக்குன்னே தனியா ஒரு வழி வெச்சிருக்கான்."

"நம்மகிட்டயும் இருக்கே சார். போயிருக்கணும், போயிருக்கலாம், போயிருக்க முடியாதுன்னு" என்றேன்.

"இருக்குது. ஆனா நம்ம ஆளுங்க 'லாம்'ல நிக்கமாட்டாங்க."

அந்த வகுப்பில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊரில் நடந்த ஒரு சங்கதியைப் பலகையில் எழுதுவார். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை, ஏன்? வால்வு திறக்கிறவர் தூங்கியிருக்க வேண்டும். போஸ்ட்மேன் இரண்டு நாளாகச் சிரிக்கவில்லை, ஏன்? வீட்டில் அடி விழுந்திருக்கலாம். மற்றவர்கள் டீக்கடையில் சும்மா பேசிய ஊர் வம்பை நாங்கள் மாதம் அறுபது ரூபாய் கட்டிப் பேசினோம்.

அன்று ஆடி மாதத்துப் பௌர்ணமி, சனிக்கிழமை. கூட்டம் வந்து குவிகிற நாளில் கீழே பாயின் கடை பூட்டிக் கிடந்தது, அதுவும் மூன்றாவது நாளாக. மெஹ்ஜபீனும் வகுப்புக்கு வரவில்லை. சார் பலகையில் எழுதினார்: கடை ஏன் பூட்டியிருக்கிறது?

ஊருக்குப் போயிருப்பார், சைக்கிள் வாங்கப் போயிருப்பார் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சார் கொட்டாவி விட்டார். எனக்கு எப்படியாவது அவரிடம் ஒரு 'குட்' வாங்கிவிட வேண்டும். எங்கள் எதிர்வீட்டு மாடியில் ஒரு ஜெர்மன்காரம்மா குடியிருந்தார். பாயிடம் தினம் சிவப்பு சைக்கிள் எடுப்பவர். அவர் அறையும் வியாழக்கிழமையிலிருந்து பூட்டு. எழுந்து நின்றேன்.

"ஹி மைட் ஹேவ் ரன் அவே வித் த ஜெர்மன் லேடி."

எதிர்வீட்டு அறைப் பூட்டையும் சேர்த்துச் சொன்னேன். வகுப்பு குலுங்கியது. சாருக்கு முகமெல்லாம் பல். "பாத்தீங்களா? ரெண்டு பூட்டு, ஒரே நாளு. உண்ணாமலை அடையாளத்தோட பேசறா. குட்." எல்லோரையும் மூன்று முறை சொல்ல வைத்தார். தெருவைப் பார்த்த ஜன்னல் திறந்திருந்தது. சிநேகிதியின் அப்பாவைப் பற்றிப் பேசுகிறோமே என்று எனக்கு வெட்கமாக இருந்ததா? துளிக்கூட இல்லை.

அன்று மாலை வகுப்பில் பாதிப் பேர் கிரிவலம் போனார்கள். வாக்கியமும் கூடவே போனது. செங்கம் ரோட்டில் "பாய் ஓடிப் போயிருக்கலாமாம்." நிருதி லிங்கத்துக்கிட்ட "ஓடித்தான் போயிருப்பாரு." அடி அண்ணாமலையில் "ஓடிட்டாரு." குபேர லிங்கம் தாண்டும்போது ஜெர்மனிக்கு டிக்கெட்டே எடுத்தாகிவிட்டது.

திங்கட்கிழமை சார் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "உண்ணாமலை, நீ சொன்னது நெசம்மா. எங்க ஊர்ல எங்கம்மாவே சொல்றாங்க." பதினாலு கிலோமீட்டர் சுற்றிவிட்டு வந்த தன் வகுப்பு வாக்கியத்தையே சாட்சியாகப் பிடித்துக்கொண்டார் அந்த மனுஷர். தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய நான் நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை பாய் பஸ்ஸிலிருந்து இறங்கினார். ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்திருந்தார். பக்கத்தில் மனைவி, பின்னால் மெஹ்ஜபீன். வேலூர் ஆஸ்பத்திரியில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். போளூர் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மெஹ்ஜபீனைப் பார்த்துப் பிடித்துப்போய், வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் என்று பேசியிருந்தார்கள். இந்த நேரத்தில் நோய்ச் சேதி அவர்கள் காதுக்குப் போக வேண்டாமென்றுதான் பாய் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினார். நோய்ச் சேதி போகவில்லை. எங்கள் சேதி போயிருந்தது. வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போளூரிலிருந்து சொல்லியனுப்பிவிட்டார்கள். ஜெர்மன்காரம்மா விசா வேலையாகச் சென்னை போய்வந்து, மறுநாளே சிவப்பு சைக்கிள் கேட்டு நின்றார்.

பாய் தையல் போட்ட வயிற்றோடு பதினாறு படி ஏறி வகுப்புக்குள் வந்தார்.

"வாத்தியாரே, பேச்சு இங்கேருந்துதான் கெளம்புச்சாமே. யார் சொன்னது?"

"பாய், பயிற்சியில பலதும் வரும். யாராச்சும் சொல்லியிருக்கலாம். வெளியில தப்பா புரிஞ்சிட்டிருக்கலாம்."

"என் பொண்ணு கல்யாணம் நின்னுபோச்சுங்க. அதுல எந்த லாமும் இல்ல."

நிற்க முடியாமல் மகள் உட்காரும் இடத்தில், என் பக்கத்தில், உட்கார்ந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. சார் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை சார் பாயிடம் ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போளூர் பஸ் ஏறினார். வழியெல்லாம் முணுமுணுத்துப் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தார். பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஒன்றில்கூட 'நான்' வரவில்லை. என் பெயர் வருமோ என்றுதான் நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வந்தால் உடனே அழுதுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா ரஹமத் டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "சொல்லுங்க."

"அதாவதுங்க, அப்படிப் பேசப்பட்டிருக்..." என்று ஆரம்பித்து சார் பாதியில் நிறுத்தினார். டீயில் ஆடை கட்டியது. பிறகு சொன்னார்: "நான் சொன்னேன்மா. நான் எதையும் பாக்கல. அவரு ஆஸ்பத்திரியில இருந்தாரு, சீட்டு இதோ இருக்குது. அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல."

"பாக்காம எப்படிங்க சொன்னீங்க?"

"வாய்க்கொழுப்புங்க."

ரஹமத் அம்மா என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு யாரு?"

"பொண்ணோட சிநேகிதி. துணைக்கு வந்துச்சு" என்றார் சார்.

நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் என் வீரம். அவரைக் கேலி செய்து செய்தே படித்தவள் நான். அன்று அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

நிச்சயதார்த்தம் ஒரு வாரம் தள்ளி நடந்தது. பாய் சாருக்கு நன்றி சொன்னார். கூடவே மாடியைக் காலி செய்யவும் சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் சார் மறுபடி போர்டு மாட்டினார். வாத்தியாரே கிளப்பிவிட்ட வதந்தி என்று ஊருக்கே தெரிந்திருந்ததால் பாதிப் பேர்கூட வரவில்லை. மூன்று படி வரைகிற பாடத்தை அதோடு விட்டுவிட்டார். யாராவது கேட்டால் "அது தேவைப்படாது" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். சொன்னது அவரில்லை என்று நான் நாலு பேரிடமாவது சொல்லியிருக்கணும். சொல்லவில்லை. கூடவே மூன்று முறை சொன்ன வகுப்பும் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணத்தன்று மெஹ்ஜபீன் என் கையை இழுத்துப் பிடித்துக் குனிய வைத்தாள்.

"உண்ணா, சார் சொல்லியிருக்க முடியாதுடி. ஜெர்மன்காரம்மா ரூம் பூட்டியிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? அது உங்க எதிர்வீடுதானே. யாரு சொன்னது?"

அவள் கையில் மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியலடி. யாராச்சும் சொல்லியிருக்கலாம்."

அவள் கையை விட்டாள்.

"கிராமர் கரெக்டா இருக்கு" என்று சொல்லிவிட்டு, வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்துச் சிரித்தாள்.