பஸ் நிறுத்தத்தில் பிள்ளை பிடித்தவர்

"அண்ணியோட அந்தப் புள்ள பிடிக்கிற வேலையும் முடிஞ்சுது. நீ படிச்ச புள்ள, உனக்கு அதெல்லாம் வராது லா."

அம்மாவின் இறுதிச் சடங்கன்று, பந்தலில் தேநீரோடு நின்றபடி சித்தப்பா என்னிடம் சொன்னது இது. நினைவு மலரில் இதையா எழுதுவது என்று தம்பி தயங்கினான். இதைத்தான் எழுத வேண்டும்.

அம்மா பாலோ ஊருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். பெற்றோர் பால்மரம் வெட்டப் போனதால், தங்கைகளைப் பார்த்துக்கொள்ள மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டார். தோட்டம் கைமாறியதும் நாங்கள் குளுவாங் நகரில் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தோம். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்து எங்களை வளர்த்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பட்டமும் வாங்கினேன்.

நான் படித்த தமிழ்ப்பள்ளி பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். பள்ளி வேன் நின்றுபோனதும் பிள்ளைகள் ஒவ்வொருவராக விலகினார்கள். தமிழர்களுக்குத் தாய்மொழிப் பற்று இல்லை என்று மேடைகளில் வருத்தப்பட்டார்கள். அம்மா மட்டும் வீடு வீடாகப் போய்க் காரணம் கேட்டார்.

"தமிழ் வேணாம்னு யாரு சொன்னா அக்கா? ஆறு மணிக்கு ஃபேக்டரி பஸ் வந்துருது. புள்ளைய யாரு ரோட்டத் தாண்டி விடுறது?" என்றார் கீழ்வீட்டு அக்கா.

மறுவாரமே அம்மா ஷிஃப்ட் பார்த்துப் பெண்களைப் பிரித்தார். காலை ஷிஃப்ட் தாய்மார்கள் பஸ் ஏறும் முன் பிள்ளைகளை நிறுத்தத்தில் ஒப்படைப்பார்கள். மத்தியான ஷிஃப்ட்காரர்கள் பள்ளிக்கு நடத்திச் செல்வார்கள். இரவு ஷிஃப்ட்காரர்கள் தூங்கி எழுந்து, பள்ளி விட்டதும் அழைத்து வருவார்கள். தொட்டில் போடும் வீடுகளுக்கும் போய், "இந்தப் புள்ளைக்கு நம்ம ஸ்கூல்ல இடம் போட்டாச்சு" என்பார். அடம் பிடிக்கும் குழந்தையிடம், "புள்ள பிடிக்கிறவங்க வர்றாங்க பாரு!" என்று மாடியிலிருந்து யாராவது கத்துவார்கள். அம்மா அண்ணாந்து பார்த்து, "அடுத்து உன்னையும் பிடிப்பேன்டி" என்று சிரிப்பார்.

இந்த ஆண்டு புற்றுநோய் அவரைப் பிடித்தது. பல குடும்பங்கள் வேலை தேடி ஊர் மாறியிருந்தன. வரும் ஒன்றாம் ஆண்டு வகுப்புக்கு ஒரு பிள்ளைகூடப் பதியவில்லை. இப்படியே போனால் பள்ளியை வேறிடத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு. நடக்க முடியாத நிலையிலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனார். ஆண்டுவிழா மேடைகளில் தாய்மொழிக்காக முழங்கும் சித்தப்பாவுக்குப் பள்ளியில் சேரும் வயதில் பேரன் இருந்தான்.

"ஒத்தப் புள்ளைய வச்சு கிளாஸா அண்ணி? மத்தவங்க சேத்தா நானும் சேக்கச் சொல்றேன்."

"எல்லாரும் அதேதான் சொல்றாங்க தம்பி. யாராச்சும் மொதல்ல சேக்கணும்ல?"

மருத்துவமனையில் கடைசி நாள்களிலும் அம்மா என்னிடம் கேட்டது, "யாராச்சும் சேந்தாங்களா?" என்பதுதான். இல்லை என்று சொல்லத்தான் என்னால் முடிந்தது. அதே சித்தப்பா இறுதிச் சடங்கில் பெரிய ரோஜா மாலையோடு வந்து, "ஊருக்காக வாழ்ந்த உத்தமி" என்று பேசினார். அந்த மாலையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், சடங்குகளில் துணை நின்ற உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மழையிலும் தூக்கக் கண்களோடும் அடுத்தவர் பிள்ளையைச் சாலை தாண்டி விட்ட பெண்களே, அம்மா பெயரால் உங்களை வணங்குகிறேன். புகழுரை மட்டும் கொண்டுவந்தவர்களுக்குச் சொல்ல என்னிடம் நன்றி இல்லை.

சித்தப்பா, உங்கள் மகனும் மருமகளும் இந்த மலர் வரும்வரை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார்கள். சென்ற வாரம் நாங்கள் மூவருமாகப் பள்ளிக்குப் போய்ப் பதிந்துவிட்டோம். ஒன்றாம் ஆண்டில் முதல் பெயர் உங்கள் பேரனுடையது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் நேற்று மாலை அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தார்கள்.