அவளுக்காகச் செய்த கண்ணாடி டீப்பாய்

என் மனைவிக்கு மாலைக்கண் என்பது கல்யாணமான சில நாட்களிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பொழுது சாய்ந்ததும் சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பாள். இலத்தூரில் அவளுடைய பிறந்த வீட்டில் அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. முருங்கைக்கீரையும் மீன் எண்ணெயும் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். நானும் நம்பினேன். அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. தென்காசியில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் தச்சு வேலை கற்றுக்கொடுக்கும் ஆசிரியராக இருந்தேன்.

பகலில் அவளுடைய கண்ணுக்கு எதுவும் தப்பாது. சாரல் விழ ஆரம்பித்ததும் நாங்கள் குற்றாலத்துக்குப் போவோம். எல்லோரும் அருவியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெள்ளம் வடிந்த பாறை இடுக்குகளிலிருந்து எதையாவது பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். பச்சை நரம்பு ஓடிய கூழாங்கல், சிவந்த ஆனைக்குன்றிமணி, மலையிலிருந்து அடித்து வந்த பெயர் தெரியாத கொட்டைகள், ஒருமுறை யார் கையிலிருந்தோ உடைந்து விழுந்த நீல வளையல் துண்டு. இவற்றோடு, அவளுடைய அப்பா கொடுத்த திருவிதாங்கூர்ச் சக்கரக் காசுகளும் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. எங்களுக்குப் பிள்ளை இல்லை. மத்தியானம் வேலை ஓய்ந்ததும் டின்னைப் பாயில் கவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். பார்த்ததையே பார்ப்பாள்.

குற்றாலத்தில் எனக்குப் பழக்கமான ஓர் எஸ்டேட்காரரின் பங்களாவுக்கு ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கூடத்தில் கண்ணாடி போட்ட டீப்பாய் ஒன்று இருந்தது. கண்ணாடியின் மேல் காபி டம்ளர்களை வைத்தார்கள். அடியில் வெல்வெட் துணி விரித்து, சங்கும் சோழியும் அடுக்கியிருந்தார்கள். இவள் காபியைத் தொடவே இல்லை. திரும்பி வரும்போது, “எவ்வளவு ஐடியாவா செஞ்சிருக்காங்க பாத்தீங்களா?” என்று மட்டும் சொன்னாள். தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அறுபதுகள் பிறந்து ஓரிரு வருடங்களில், பகலிலும் அவள் இடித்துக்கொள்ளத் தொடங்கினாள். நிலைப்படியில் தோள் இடிக்கும். பக்கத்தில் வைத்த செம்பைக் காலால் தட்டிவிடுவாள். ரத வீதியில் பக்கவாட்டில் வந்த சைக்கிள் மோதி விழுந்தாள். “சைக்கிள் எங்கன இருந்து வந்துன்னே தெரியலிங்க” என்றாள். அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

திருநெல்வேலியில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். இருட்டறையில் வெகுநேரம் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிடாமல் அவள் முன்னாலேயே சொன்னார். “இது கண்ணுக்குள்ள இருக்கிற நரம்புக் கோளாறும்மா. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கிட்டே வரும். இதுக்கு மருந்து இல்லை.”

“நடுவுல தெரியுததாவது நிக்குமா டாக்டர்?” என்று அவள் கேட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சொல்ல முடியாதும்மா.”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஆலங்குளம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள். “ஒண்ணு கேக்கட்டுமா? அந்தக் கண்ணாடி டீப்பாய் ஒண்ணு செஞ்சு தாரீங்களா? தெரியுத வரைக்கும் பாத்துக்கிடுதேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே செங்கோட்டை மர மில்லுக்குப் போய்த் தேக்குத் துண்டுகள் வாங்கி வந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுப் பின்கட்டில் வேலை. நான்கு குட்டைக் கால்கள், மேலே ஆழம் குறைந்த ஒரு பெட்டி, பெட்டிக்குள் சின்னச் சின்ன அறைகள், விளிம்பில் கண்ணாடி உட்காரப் பள்ளமாக ஒரு காடி. நான் எத்தனையோ மேசை செய்தவன். இதைச் செய்யும்போது மட்டும் ஒவ்வொரு அளவையும் இரண்டு தடவை எடுத்தேன். அவள் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்து, “இந்த அறை காசுக்கு, இது வளையல் துண்டுக்கு” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். இழைப்புளியிலிருந்து விழுந்த மரச்சுருளைக் கண்ணில் வைத்து, “இப்பம் எனக்கு இந்த ஓட்டை வழியாப் பாக்க மாதிரித்தான் தெரியுது” என்று ஒருநாள் சிரித்தாள். நான் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.

அந்த வருடம் சாரல் விடவில்லை. வெட்டி வைத்த மரம் ஈரம் குடித்து உப்பிவிட்டது. சரியாக இருந்த காடியில் கண்ணாடி இறங்க மறுத்தது. அழுத்தினேன்; மூலையில் கீறல் விட்டது. மரம் காயக் காத்திருந்து, காடியைத் திரும்பச் செதுக்கி, திருநெல்வேலியிலிருந்து வேறு கண்ணாடி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது புரட்டாசி பிறந்திருந்தது. இதற்குள் அவள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தியிருந்தாள்.

அவளே தடவித் தடவி ஒவ்வொன்றாக அறைகளில் வைத்தாள். கண்ணாடியைப் பொருத்தி, டீப்பாயைக் கூடத்து ஜன்னலருகே போட்டு, அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். குனிந்தாள். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“என்ன?”

“வெளிச்சமா இருக்கு.”

“உள்ள பாரு.”

“உள்ள தெரியல்லியே. கண்ணாடி பூரா வெளிச்சமால்லா இருக்கு. கண்ணு கூசுது.”

ஜன்னலை மூடினேன். இருட்டாக இருக்கிறது என்றாள். டீப்பாயைக் கூடம் முழுக்க இழுத்தேன். சுவர் ஓரம், கதவு ஓரம், முற்றத்து ஓரம். கடைசியில் முற்றத்துத் தூணின் நிழலில், வெயில் ஏறும் முன் சற்று நேரம் மட்டும் அவளுக்கு உள்ளே தெரிந்தது. அதுவும் ஒரு தடவைக்கு ஒரு கல்லோ ஒரு காசோதான். தினமும் காலையில் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அங்கே வந்து உட்காருவாள். “குன்றிமணி இருக்கு” என்று சொல்வாள். “காசு இருக்கு” என்று சொல்வாள். அடுப்படியில் சோறு பொங்கி வழியும். நான் போய் இறக்கி வைப்பேன்.

பங்குனி வாக்கில் ஒரு காலை வெகுநேரம் குனிந்திருந்தாள். ஒரு கல்லும் அவளுக்குத் தெரியவில்லை. பிறகு நிமிர்ந்து, “உள்ள போகட்டுமா?” என்று கேட்டாள். எதற்கு என்னிடம் அனுமதி கேட்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டால் தொட்டாவது பார்ப்பாளே என்று நினைத்தேன். திருகாணிகளைக் கழற்றி, அவள் விரல்களைப் பிடித்து அறைகளின் மேல் வைத்தேன். நீல வளையல் துண்டைத் தொட்டாள். பச்சைக் கல்லைத் தொட்டாள். உள்ளங்கையில் வைத்து உருட்டினாள்.

“இது எந்தக் கல்லு?”

“பச்சை ஓடுமே, அது.”

“கல்லு மாதிரி இருக்கு. அவ்வளவுதான்.” அதைக் கீழே வைத்துவிட்டு, “கண்ணாடியைத் திரும்பப் போட்டுருங்க. தூசி விழும்” என்றாள்.

நான் போட்டேன். வேறு என்ன செய்திருக்கலாம் என்று யோசிக்காத நாள் இல்லை. மரமும் கண்ணாடியும்தான் எனக்குத் தெரிந்த வேலை. அந்த வேலையால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை.

டீப்பாய் கூடத்திலேயே கிடந்தது. ஆடி மாதம் அச்சன்புதூரிலிருந்து அவளுடைய சித்தி மகள் வந்தாள். நான் காபி போட்டுக் கொண்டுபோய் டீப்பாய் மேல் வைத்தேன். வந்தவள் டம்ளரை நகர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். “ஏட்டி, என்ன அழகா இருக்கு! ஒவ்வொண்ணும் மின்னுதுல்லா! அத்தான் செஞ்சதா?”

“ஆமா, இவுகதான் செஞ்சாக” என்றாள் என் மனைவி. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். அணைந்த அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் தூக்கினாள்.

“அழகா இருக்காமே” என்றாள்.

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கூடத்தில் அந்தப் பெண் இன்னும் ஒவ்வொன்றாகப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.