பெயர் வைக்கப் பயந்த பிள்ளை

அன்பானவர்களே, நான் பயந்த சுபாவக்காரி. ஆனால் ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

2003-ல் நாங்கள் ராயபுரத்தில் இருந்தோம். என் கணவருக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. அமெரிக்காவில் இருக்கும் அவருடைய அக்கா எங்களைக் கூப்பிட்டுக்கொள்ளப் பல வருடத்துக்கு முன்பே மனு போட்டிருந்தார். அந்த வருடம் விசா நேர்காணலுக்குக் கடிதம் வந்தபோது என் மகள் கைக்குழந்தை. விண்ணப்பத்தில் எங்கள் இருவர் பெயர் மட்டும்தான் இருந்தது.

அவளைச் சேர்க்கலாம் என்றால் அவளுக்குப் பெயரே இல்லை. அவளுக்கு முன்னால் எனக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைத்த சில நாட்களில் இறந்துபோனார்கள். அதனால் இவளை 'குப்பை' என்றே கூப்பிட்டோம். குப்பையைச் சாவுகூடத் தொடாது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. ஒரு வயது முடியும்வரை பெயர் வைப்பதில்லை என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

விண்ணப்பம் எழுதித் தரும் ஏஜென்ட் பட்டென்று சொன்னார். "பேரு இல்லாம பாஸ்போர்ட் எப்டிம்மா குடுப்பான்? கொயந்தைய யார்கிட்டனா வுட்டுட்டுப் போங்க. அப்பால கூப்டுக்கலாம்."

பெயர் வைத்தால் செத்துப்போவாளோ என்று எனக்குப் பயம். வைக்காவிட்டால் விட்டுவிட்டுப் போக வேண்டும். "இவள வுட்டுட்டு நான் வரமாட்டேன். நீயே முடிவு பண்ணு" என்றார் என் கணவர்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மாதா பீடத்தின் முன் முழங்காலிட்டு அழுதேன். 'தாயே, நீயும் பிள்ளையைப் பறிகொடுத்தவள்தானே, எனக்கு வழி காட்டு' என்று கெஞ்சினேன். வெளியே வரும்போது வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் அக்கா, "பாப்பா பேரு இன்னாம்மா?" என்று கேட்டார்.

"அடைக்கல மேரி" என்றேன். மனசுக்குள் பூட்டி வைத்திருந்த பெயர் எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்தார்.

அந்த ஞாயிறே ஞானஸ்நானம் கொடுத்தோம். அந்த வாரமே மாநகராட்சியில் பெயரைப் பதிந்து அவசர பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தோம். எழுதிக் கொடுத்த மறுநாளே அவளுக்குக் காய்ச்சல். உடம்பு அனலாய்க் கொதித்தது. முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. டாக்டர் கொடுத்த மருந்தைப் புகட்டிவிட்டு, அவளை மார்போடு அணைத்து, அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லியே செபித்தேன். என் பயம் போகவில்லை, பயத்தோடுதான் செபித்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பால் குடித்தாள்.

பாஸ்போர்ட்டும் வந்தது. விண்ணப்பத்தில் விவரத்தைத் திருத்திக் கொடுத்தோம். நேர்காணலன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி முதலில் அவள் பெயரைத்தான் உரக்கப் படித்தார். அந்தக் கூடமே கேட்டது. எனக்கு ஒரு முறை உடம்பு தூக்கிப்போட்டது. பிறகு அவளைத் தூக்கிக் காட்டினேன். மூவருக்கும் விசா கிடைத்தது.

ஆண்டவருக்கு நன்றி. பயம் தீரட்டும் என்று காத்திருக்காதீர்கள், பயத்தோடேயே அவரிடம் போங்கள். இப்போது என் மகளுக்கு மூன்று வயது. 'குப்பை' என்றால் யாரையோ கூப்பிடுகிறோம் என்று விளையாடிக்கொண்டே இருக்கிறாள். 'அடைக்கலம்' என்றால் ஓடி வருகிறாள்.