றீற்றா அக்காவின் சனிக்கிழமை வகுப்பு

காலையில் நூலகத்தின் யன்னல்களைத் திறந்துகொண்டிருந்தபோது, முல்லைத்தீவிலிருந்து றீற்றா அக்காவின் தங்கை தொலைபேசி எடுத்தார். “அக்கா விடியப்புறம் மோசம் போட்டா. மாரடைப்பு எண்டு சொல்லுகினம்.” வாசலில் பத்திரிகை படிக்க இரண்டு பேர் நின்றார்கள். அக்கா இறந்துவிட்டதை அவர்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கதவைத் திறந்துவிட்டேன். அவரும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இருக்கும் எங்கள் சிறிய பொது நூலகத்துக்கு றீற்றா அக்கா பொறுப்பாளர். நான் அவருக்கு உதவியாளர். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்கும் சனிக்கிழமை வகுப்பை அவர்தான் தொடங்கினார். அது கைத்தொலைபேசிகளுக்குள் வந்துவிட்டதால், அதனுடன் எப்படிக் கதைப்பது என்று கேட்க ஆட்கள் எங்களிடம் வந்தார்கள். இது நூலகத்தின் வேலையா என்று நான் தயங்கினேன். “புத்தகம் எடுக்க வராத சனம் இப்பதான் வருது. அதுகளைத் திருப்பி அனுப்ப ஏலாது” என்றார். கரையோரத்துப் பெண்கள் சிங்கள அறிவித்தல்களைத் தமிழாக்கிப் பார்த்தார்கள். கமக்காரர் நோய் பிடித்த நெல்லிலையைப் படமெடுத்துக் கேட்டார்கள். அந்த நாட்களில் றீற்றா அக்காவை நான் மிகவும் மகிழ்ச்சியாகக் கண்டேன்.

பாக்கியம் அம்மா குடியேற்றத்திட்டத்தில் வயல் செய்பவர். போரின் கடைசி நாட்களில் காணாமல் போன மகனை இன்றுவரை தேடுபவர். எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படுவார் என்பதால், வாயால் கேட்டுப் பதிலைக் காதால் கேட்கும் முறையை றீற்றா அக்கா அவருக்குக் காட்டிக்கொடுத்தார். ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்தபின் பாக்கியம் அம்மா மூலைக் கதிரையில் இருந்து, மகனின் பெயரையும் அவனைக் கடைசியாகக் கண்ட இடத்தையும் சொல்லி, அவன் எங்கே என்று கேட்டார். செயற்கை நுண்ணறிவு தெளிவான தமிழில், அந்தப் பெயருள்ள ஒருவர் தெற்கில் ஒரு முகாமில் வைக்கப்பட்டிருந்ததாக, ஊர்ப் பெயரோடு பதில் சொன்னது.

அது இல்லாததையும் இட்டுக்கட்டிச் சொல்லும் என்று றீற்றா அக்கா விளங்கப்படுத்தினார். பாக்கியம் அம்மா குரலை உயர்த்தவில்லை. “உலகத்தில உள்ள எல்லாத்தையும் படிச்சது எண்டு நீங்கள்தானே பிள்ளை சொன்னனீங்கள்” என்றார். றீற்றா அக்கா அதே கேள்வியைத் திரும்பக் கேட்டுக் காட்டினார். இந்த முறை வேறொரு ஊரைச் சொன்னது. பொய் வெளிப்பட்டுவிட்டது என்று நான் ஆறுதலடைந்தேன். ஆனால் அம்மா, “அப்ப ரெண்டு இடத்திலயும் தேடுவம்” என்றார்.

அம்மாவுடன் கூடப் போனால் அந்த நம்பிக்கையை நாங்களே வளர்த்ததாகிவிடும் என்று றீற்றா அக்காவை நான் தடுத்தேன். “நான் போகாட்டி அவா தனியப் போவா” என்று சொல்லிவிட்டு, லீவு போட்டு அவருடன் பஸ் ஏறினார். அது முதலில் சொன்ன அந்த ஊரில் முகாம் எதுவும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் றீற்றா அக்கா கடை கடையாக விசாரிக்க, அம்மா ஒவ்வொருவரிடமும் மகனின் படத்தை நீட்டியிருக்கிறார். ஒரு தேநீர்க்கடைக்காரி படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, இருவரையும் இருக்கச் சொல்லித் தேநீர் கொடுத்தாளாம். திரும்பும் வழியில் அம்மா இரண்டாவது ஊரைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

அதன்பின் வகுப்பு நின்றுபோனது. யாராவது கேட்டால் றீற்றா அக்கா கணினி பழுது என்பார். ஒரு மத்தியானம் புத்தகங்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னார்: “வகுப்பு தொடங்க முதல் நான் தம்பியைப் பற்றிக் கேட்டுப் பாத்தனான். தனக்குத் தெரியாது எண்டு சொன்னது. அதாலதான் அதை நம்பினனான்.” அவருடைய தம்பியும் அதே நாட்களில் காணாமல் போனவர். தன்னிடம் உண்மை சொன்னது எல்லோரிடமும் உண்மை சொல்லும் என்று எண்ணியிருக்கிறார்.

சில மாதங்களின்பின் வகுப்பை மீண்டும் தொடங்கினார். இம்முறை முதற்பாடம் வேறு. “உங்களுக்கு வடிவாத் தெரிஞ்ச ஒண்டை முதல்ல கேளுங்கோ. எங்க பிழைக்குது எண்டு பாருங்கோ. பிறகு தெரியாததைக் கேக்கலாம்.” எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றிக் கேட்டபோது இல்லாத ஓர் அரசன் அதைக் கட்டினான் என்று சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள். றீற்றா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பாக்கியம் அம்மா வகுப்புக்குத் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் றீற்றா அக்கா வாசலைப் பார்ப்பார்.

றீற்றா அக்காவின் செத்தவீட்டுக்குப் பாக்கியம் அம்மா வந்திருந்தார். பிரேதப்பெட்டியின் அருகில் நெடுநேரம் நின்றார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, “அது பொய் எண்டு அவாவுக்கு அந்த ஊருக்குப் போகேக்கையே தெரியும். எனக்கும் பாதி வழியில தெரிஞ்சிட்டுது. ஆனா அவா திரும்புவம் எண்டு கேக்கேல்லை” என்றார்.

வகுப்பை இனி நான்தான் நடத்தவேண்டும். அந்த முதற்பாடத்தை றீற்றா அக்காவிடமிருந்து படித்துவைத்திருக்கிறேன். அதைச் சொல்லிக்கொடுப்பது கடினமில்லை. ஒரு நாள் இன்னொரு தாய் தொலைபேசியை நீட்டி ஓர் ஊரின் பெயரைக் காட்டினால், அவருடன் பஸ் ஏறும் மனம் என்னிடம் இருக்குமா என்றுதான் பயமாக இருக்கிறது. முதற்பாடத்தோடு அந்தப் பயத்தையும்தான் றீற்றா அக்கா எனக்கு விட்டுப்போனார்.