செருப்பைப் புரட்டிய கை

சத்துவாச்சாரியில் ஒரு மொட்டைமாடியில் நடந்த யோகா வகுப்புக்கு நான் பொழுதுபோக்காகத்தான் போனேன். கூட வந்த ஷமீம் அக்காவுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. வகுப்பின் கடைசியில் நாங்கள் கண்மூடிப் படுத்திருக்கும்போது அவர் மட்டும் எழுந்து, செருப்புகள் கிடக்கும் வாசலுக்குப் போவார். முந்தின வாரம்தான் ஒரு ஜோடி செருப்பு காணாமல் போயிருந்தது.

ஒருநாள் பின்னாலேயே போனேன். அவர் கையில் என் செருப்பு.

"இன்னாக்கா, திருட என் செருப்புதான் கிடைச்சுதா?" என்று முறைத்துக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

அவர் செருப்பைப் புரட்டிக் காட்டினார். "இடது குதி மட்டும் ஜாஸ்தி தேஞ்சிருக்கு பாரும்மா. ஒரு பக்கமாவே நிக்கிற நீ. அதான் நீ தினம் புலம்புற இடுப்பு வலி. கம்பெனிப் பழக்கம், பார்க்காம இருக்க முடியல."

மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. நான் நேராக நிற்கப் பழகினேன்; வலி போனது. அதன்பிறகுதான் யோகாவை ஒழுங்காகப் படித்து, இப்போது நானே வகுப்பெடுக்கிறேன்.

புதிதாக யார் வந்தாலும் அவர்கள் செருப்பைப் புரட்டிப் பார்ப்பேன். போன வாரம் ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு முறைத்தாள். அன்று நான் முறைத்த அதே முறைப்பு. சொல்லக் காரணம் இருந்தும், அவள் செருப்பை மெல்லக் கீழே வைத்தேன்.