அவித்த இறாலின் நிறம்

என் மச்சான், அதாவது என் அக்காவான ராத்தாவின் மாப்பிள்ளை, ஆழ்கடல் படகில் போகிறவர். நான் கட்டைவிரல் உயரத்தில் பொம்மை ஆட்களைச் செய்து நிறம் பூசுகிறவள். உருவங்களுக்குக் கண், மூக்கு வைப்பது எங்கள் வீட்டில் ஆகாது. அதனால் இன்னார் என்று காட்ட என்னிடம் இருப்பது நிறம் மட்டும்தான். அதில் யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

மச்சான் குறை சொன்னார். அவரைப் போலச் செய்த ஆளுக்கு ஊர் விளையாட்டுக் கழகத்து ஜேர்சியின் சிவப்பை டியூபிலிருந்து பிதுக்கியபடியே பூசியிருந்தேன். இது கடைச் சிவப்பு என்று சிரித்தார். தன்னுடைய ஜேர்சி வீட்டுக்கே வராமல் படகில் கிடந்து வெயிலில் வெளுத்ததென்று போனில் படம் காட்டினார். சிவப்பில் வெள்ளை கலந்தேன். ரோஸ் ஆகிப் பல்லை இளித்தது. மஞ்சள் சேர்த்தேன், காய்ந்ததும் கறுத்தது. மண்ணிறத்தில் ஒரு பொட்டு விட்டு, மறுபடி வெள்ளை சேர்த்த பிறகுதான் அவித்த இறாலின் நிறம் வந்தது. தோள்களில் இன்னும் கொஞ்சம் வெளுப்பு. அதைப் பார்க்குமுன்பே அவர் கடலுக்குப் போய்விட்டார்.

பிறகு சில நாட்களாக அந்தப் படகிலிருந்து பேச்சே இல்லை. கடைசியாக வடக்கே நின்றதாகச் சொன்னதால், தேடும் படகுகளை வடக்கே அனுப்பப் படகு முதலாளி ஆயத்தமானார். அவர் எங்களுக்குக் காக்கா, அண்ணன் முறை. நானும் ராத்தாவும் அவர் வீட்டு விறாந்தையில் இருந்தோம். ராத்தா அழவுமில்லை, கதைக்கவுமில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது வயர்லெஸில் வேறொரு படகுக்காரர் வந்தார். தெற்கே, தூரத்தில் மச்சானுடையதைப் போலவே ஒரு நீலப் படகைக் கண்டாராம். அதில் நின்ற ஒருவர் கை காட்டினாராம்; இவர்களும் கை காட்டிவிட்டு வந்துவிட்டார்களாம். கை காட்டினவருக்கு என்ன உடுப்பு என்று முதலாளி கேட்டார். தோடம்பழக் கலர், ஆரஞ்சுச் சட்டை என்று பதில் வந்தது. அப்படியென்றால் நம்முடைய படகு இல்லை, அதில் கலர் சட்டை மச்சானின் சிவப்பு ஜேர்சி ஒன்றுதான் என்று கூடியிருந்த ஆண்கள் முடித்துவிட்டார்கள். ராத்தாவும் தலையாட்டினாள். அந்த ஜேர்சியை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான்.

நான் வீட்டுக்கு ஓடி அந்தச் சின்ன ஆளை எடுத்துவந்து முதலாளியின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“பொம்மய வெச்சிக் கதைக்கிற நேரமா புள்ள இது?”

“ஓம், இதான் நேரம். சட்ட அவிச்ச றால் மாதிரியா, தோள் ரெண்டும் வெளுத்திருந்ததா எண்டு கேளுங்க.”

மரியாதை இல்லாமல்தான் சொன்னேன். அவர் கேட்டார். இரைச்சல் மட்டும் வந்தது. அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. போனில் பார்த்துக் கலந்த நிறம். அது பிழையென்றால், வடக்கே கிடப்பவரை விட்டுவிட்டு எல்லோரையும் தெற்கே அனுப்பியவள் நானாவேன். பிறகு குரல் தெளிந்தது. ஓம், தோள் பக்கம் வெளுத்துத்தான் இருந்தது என்றது.

படகுகள் தெற்கே போயின. மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரத்தில் செய்தி வந்தது. இயந்திரம் பழுதாகி நீரோட்டத்தில் இழுபட்டுப்போன படகைப் பிடித்துவிட்டார்கள். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். ஆண்கள் அல்ஹம்துலில்லாஹ் என்று எழுந்தார்கள். நான் வாய்விட்டு அழுதேன். ராத்தா எழுந்து, ஆண்களை விலக்கிக்கொண்டு வயர்லெஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அத்தனை நாளில் அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

“அவருக்குத் தண்ணி குடுத்தாச்சா எண்டு கேளுங்க, காக்கா.”