இன்சூரன்ஸில் கிடையாது என்று நான் சொன்னது

எழுதப் பழகாதவள் நான். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கோயிலில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டாலே தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். இவளுக்கு எதற்கு இந்த வேலை என்று உங்களுக்குத் தோன்றினால் மன்னித்துவிடுங்கள்.

சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கான சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்று என் கணவரிடம் பொய் சொன்னேன். உண்டு என்று எனக்குத் தெரியும்.

என் கணவர் மிக்கேல் துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டில் வண்டி ஓட்டுகிறார். எதையும் சத்தமாகச் சொல்வார். குழந்தை பிறந்தால் தெருவுக்கே கறிச்சோற்று அசனம், அதாவது பொதுவிருந்து, போடுவதாக மாதாவிடம் நேர்ந்ததையும் சத்தமாகத்தான் நேர்ந்தார். அதனால் தெருவே பந்திக்குக் காத்திருந்தது. மீன் வாங்கப் போனால்கூட, “ஏளா, கறிச்சோறு எப்போ?” என்பார்கள். நான் கூடையையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கம்பெனி புது இன்சூரன்ஸ் அட்டை கொடுத்தபோது, விவரம் கேட்கும் வேலை எனக்கு வந்தது. போனில் பேசிய பெண் நிதானமாகச் சொன்னாள். குழந்தையின்மைச் சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரை உண்டு. முதலில் இருவருக்கும் ரத்தப் பரிசோதனை.

ரத்தம் என்றதும் போனை வைத்துவிட்டேன்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு கோயில் முகாமில் ரத்தம் கொடுத்திருந்தேன். பிறகு என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, ஹெபடைடிஸ் சி இருக்கிறது என்றார்கள். ஈரலைப் பிடிக்கும் கிருமி. சின்ன வயதில் விபத்தின்போது ஏற்றிய ரத்தத்தில் வந்திருக்கலாம், மாத்திரையிலேயே குணமாகும் என்றார் டாக்டர். எனக்கு மனதில் ஒன்றுதான் ஓடியது: மிக்கேலுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்துவிடுமே? இங்கே காலையில் தும்மினால் மாலைக்குள் நாலு வீட்டுக் கஷாயம் வந்துவிடும்.

“நம்ம அட்டையில அதுக்குக் கெடையாதாம்” என்று மிக்கேலிடம் சொன்னேன்.

“போட்டும்ளா” என்று சிரித்தார் அவர். ஆனால் சும்மா இருப்பாரா? திருவிழா அசனத்தில் குழம்பு ஊற்றிக்கொண்டே அறிவித்தார்: “கம்பெனிக்காரன் கண்ணுக்குக் குடுப்பான், காலுக்குக் குடுப்பான், புள்ளைக்கு மட்டும் குடுக்க மாட்டான்.”

பந்தியே சிரித்தது. அதே யார்டில் வேலை பார்க்கும் ஜெரால்டுடைய மனைவி ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் அப்போதுதான் சிகிச்சைக்குப் போகவிருந்தார்கள். மிக்கேல் சொன்னதை நம்பி அன்றோடு விட்டுவிட்டார்கள். நான் வாய் திறந்தேனா? அவள் இலையில் அப்பளம் வைத்தேன்.

மாதாமாதம் உடன்குடி அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிவருவேன். சந்தேகம் வராமலிருக்க, பஜாரில் கருப்பட்டி வாங்கி உடன்குடிக் கருப்பட்டி என்று நீட்டுவேன். “ஒங்க அக்காவுக்கு நம்ம மேல என்ன பாசம்ளா!” என்று உருகுவார். ஒரு முகாமில் அவர் ரத்தத்தையும் பார்க்கவைத்தேன். நல்லவேளை, அவருக்கு ஒன்றுமில்லை.

குணமானதும் துணிந்து மறுபடி போன் செய்தேன். அந்தக் கிருமி இருந்தால் மறுப்பீர்களா என்று கேட்டேன். “இல்லைம்மா, இந்த பாலிசியில் பழைய நோய் தடையில்லை. ஈரலை முதலில் கவனிக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான்.”

அவ்வளவுதான்... அதற்குள் எனக்கு மாதவிலக்கே அடியோடு நின்றுபோயிருந்தது, இனி பிள்ளைக்கு வழியில்லை.

அப்போதாவது ஸ்டெல்லாவிடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? எப்படித் தெரியும் என்று கேட்பாளே! அந்த ஒரு கேள்விக்குப் பயந்து இன்னும் கொஞ்ச காலம் ஓட்டினேன்.

போன வாரம் மீன் கடையில் அவளே என்னிடம் வந்தாள். “மதினி, சிகிச்சைக்குக் காசு சேக்க அவுக கப்பல் வேலைக்குப் போறாவளாம். புள்ளைக்காகப் புருசன் கப்பலுக்குப் போனா, புள்ளை எப்பிடி மதினி வரும்?”

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அவள் கண் மட்டும் சிரிக்கவில்லை.

“போவாண்டாம்னு சொல்லு. அட்டையில உண்டு.”

“மிக்கேல் அண்ணன் கெடையாதுன்னாவளே?”

“இப்ப மாத்திட்டாவ.”

பொய்யின் மேல் இன்னொரு பொய். அவள் மீன் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள்.

மாலையில் மிக்கேலுக்கும் செய்தி வந்துவிட்டது. “நமக்குத்தான் பிந்திப்போச்சு. அவ புள்ளைக்கு நம்ம அசனத்தைப் போட்டுருவோம்ளா” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்... கருப்பட்டிக் காபிதான் கலந்து கொடுத்தேன்.

மறுநாள் ஸ்டெல்லாவும் ஜெரால்டும் அட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மிக்கேல் ஆட்டுக்கறி விலை விசாரிக்கப் போனார்.